எண்டெகாவிர் 0.5: மாத்திரைக்கு முழு மார்க், கூட வரும் காகிதத்துக்கு ஃபெயில்

மாத்திரைக்கெல்லாமா ரிவ்யூ எழுதுவார்கள் என்று கேட்கலாம். ஏன் எழுதக்கூடாது? மூன்று வருடத்தில் மோட்டார் புகைந்துபோகிற மிக்சிக்கு ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், ஆயுசு முழுக்க விழுங்கவேண்டிய ஒரு மாத்திரையைப் பற்றி, காசு கொடுத்து வாங்குகிறவன் பார்வையில் தமிழில் உருப்படியாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான் டாக்டரும் இல்லை, மெடிக்கல் ரெப்பும் இல்லை. லிவரைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிற, அதற்காக எண்டெகாவிர் 0.5 மில்லிகிராம் தினம் ஒன்று போடுகிற ஆள், அவ்வளவுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து அருமையான மருந்து. அதை நம் கையில் கொடுக்கிற விதம்தான், டாக்டர் சீட்டில் ஆரம்பித்து மெடிக்கல் கடைக் கவர் வரைக்கும், படுமோசம். போடுவதால் வரும் கெடுதலைவிட இந்த மாத்திரையை நினைத்தபோது நிறுத்துவதால் லிவருக்கு வரும் கெடுதல் பல மடங்கு பெரியது, அந்த ஒரு விஷயத்தை வாங்குகிறவனிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இது இருப்பது ரத்ததானம் செய்யப் போன இடத்தில் தெரிந்தது. எப்படி வந்தது என்றதும் நம் ஊரில் முதலில் ஒரு மாதிரியான பார்வைதான் வரும், ஆனால் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் பிறக்கும்போது அம்மாவிடமிருந்தோ சின்னஞ்சிறு வயதிலோ ஒட்டிக்கொள்வதுதான். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் அநேகமாக உடம்பே துரத்திவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு இது இருக்கிறது, அதனால் வெட்கப்படவோ ஒளிக்கவோ ஒன்றுமில்லை. கொஞ்ச வருடம் மருந்தில்லாமல் வெறும் கண்காணிப்பிலேயே ஓடியது. அப்புறம் லிவர் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்சைம் ஏற ஆரம்பித்தது, ஃபைப்ரோஸ்கேனில் லிவர் லேசாக இறுகியிருப்பது தெரிந்தது, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் ஓடும் வைரசின் எண்ணிக்கை, லட்சங்களைத் தாண்டியிருந்தது, மாத்திரை எழுதினார்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சின்ன மாத்திரை, தொண்டையில் சிக்காது, கசக்காது, நாளுக்கு ஒன்று. ஆரம்பத்தில் கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் சோர்வு, அதுவும் போய்விட்டது. வேலை செய்கிறதா என்றால் அபாரமாகச் செய்கிறது. 2006-இல் வந்த பெரிய ஆய்வுகளில், ஈ-ஆன்டிஜென் (வைரஸ் வெளியிடும் ஒரு புரதம், ரத்த டெஸ்ட்டில் தெரியும்) பாசிட்டிவாக இருந்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு 48 வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது, பழைய மருந்தான லாமிவுடினில் அது 36 சதவீதம்தான். ஈ-ஆன்டிஜென் நெகட்டிவ் ஆட்களில் எண்டெகாவிரில் 90 சதவீதம், லாமிவுடினில் 72. அதைவிட முக்கியம், வைரஸ் இந்த மருந்துக்குப் பழகிப்போய் டிமிக்கி கொடுப்பது மிக அபூர்வம். முதன்முதலாக மருந்து எடுப்பவர்களில் 5 வருடத்தில் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் அது நடக்கிறது. லாமிவுடினில் அதே 5 வருடத்தில் எழுபது சதவீதத்தை எட்டிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்கெனவே லாமிவுடின் சாப்பிட்டு அது வேலை செய்யாமல் போனவர்களுக்கு எண்டெகாவிரும் போகப்போகக் கைவிடும், பாதிப் பேருக்கு 5 வருடத்துக்குள் ரெசிஸ்டன்ஸ் வந்துவிடுகிறது. பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டச் சொல்வது இதனால்தான். முன்பு எங்கேயோ எதற்கோ என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பது இங்கே விளையாட்டில்லை.

சாப்பிடும் முறையில் ஒரு இம்சை உண்டு. வெறும் வயிற்றில்தான் போடவேண்டும், அதாவது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்துச் சாப்பிட இரண்டு மணி நேரம் முன்னால். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ராத்திரி பத்து மணிக்குத் தோசை சாப்பிடுகிற வீட்டில் பன்னிரண்டு மணி வரை யார் விழித்திருப்பது? நான் விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டேன். காபிக்காக இரண்டு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு இந்த மருந்தில் வந்த ஒரே பக்கவிளைவு.

இனி காகிதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த மருந்து பாராக்ளூட் என்ற பெயரில் 2005-இல் வந்தபோதே அதன் லேபிளில் எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதினார்கள். மருந்தை நிறுத்தினால் ஹெபடைடிஸ் கடுமையாகத் திரும்பலாம், பல மாதம் லிவரைக் கண்காணிக்க வேண்டும் என்பது ஒன்று. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, லிவர் கொழுப்பேறி வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது இன்னொன்று. 2007-இல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: எச்ஐவியும் சேர்ந்து இருக்கிற ஆள் இதை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் எச்ஐவி மருந்துகளுக்கு ரெசிஸ்டன்ஸ் வந்துவிடலாம், அதனால் ஆரம்பிக்கும் முன் எச்ஐவி டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும். (டாக்டர் அந்த டெஸ்ட் எழுதினால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். யார்மேலும் சந்தேகப்பட்டு எழுதுவதில்லை.)

நம் ஊர் டப்பாவுக்குள்ளும் இதெல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறது. எப்படி என்றால், வெங்காயத்தோல் மாதிரி ஒரு காகிதம், விரித்தால் மேஜை அளவு, எறும்பு எழுத்தில் முழுக்க இங்கிலீஷ், எச்சரிக்கையும் ரசாயனச் சூத்திரமும் ஒரே சைஸ் எழுத்தில். அதுவும் டப்பாவாக வாங்கினால்தான். அட்டையில் பத்து மாத்திரை கத்தரித்து வாங்குகிறவனுக்கு அந்தக் காகிதமே கிடைக்காது, அவன் கைக்கு வருவது கவரில் பேனாவால் போட்ட ‘1-0-0’ மட்டும். காய்ச்சல் மாத்திரைக்கும் அதே கவர், அதே பேனா. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திப் பழகினவன் இதையும் அப்படித்தான் நினைப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது.

என் மனைவியின் அண்ணனுக்கு நடந்தது இதுதான். அவருக்கும் ஹெபடைடிஸ் பி, அவரும் எண்டெகாவிர்தான், என்னைவிடச் சீனியர். வேலைக்காக வேறு ஊர் மாறினார், பழைய டாக்டரைப் பார்க்க முடியவில்லை, அங்கே ஒரு லேபில் வைரல் லோடு எடுத்திருக்கிறார், ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதம் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கொடுமை, ஒன்றும் ஆகாததால் தான் செய்தது சரி என்றே ஆகிவிட்டது. அப்புறம் ஒரு சோர்வு, சோற்றைப் பார்த்தாலே குமட்டல், சிறுநீர் கட்டங்காபி நிறத்துக்குப் போனது. கண் மஞ்சளானதும் பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கிறவரிடம் போய்ப் பச்சிலை அரைத்துக் குடித்துக்கொண்டு பத்தியம் இருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியவந்தபோது காமாலை அளவைச் சொல்லும் பிலிருபின் 20-ஐத் தாண்டியிருந்தது, எஸ்ஜிபிடி ஆயிரத்துக்கு மேல், ரத்தம் உறைகிற வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் ஏறிக்கொண்டே போனது. பகலில் தூங்கி வழிகிறார், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். லிவர் செயலிழந்தால் மூளை குழம்புவதன் ஆரம்பம் அது என்று ஐசியுவில் சொன்னார்கள். லிவர் மாற்று அறுவைக்கு, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று அமைப்பான டிரான்ஸ்டானில் பதிவு செய்வது வரைக்கும் பேச்சுப் போனது.

ஆன்டிவைரலை அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தார்கள், இந்த முறை அதே வேலை செய்யும் இன்னொரு மருந்தான டெனோஃபோவிர். வைரஸ் இறங்கினாலும் லிவர் தேற நேரம் எடுக்கும், அதுவரை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி என்றார்கள். தாக்குப்பிடித்தது. மாற்று லிவர் தேவைப்படாமலே வெளியே வந்தார். கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டேன்.

“ஏன் மச்சான், யார் சொல்லி நிறுத்தினீங்க?”

“யாரும் சொல்லல மாப்ள. ரிப்போர்ட்டுல ‘நாட் டிடெக்டட்’னு போட்டிருந்தான். இல்லாத வைரசுக்கு எதுக்கு மாத்திரைன்னு நினைச்சேன்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? அந்த ரிப்போர்ட்டைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ‘நாட் டிடெக்டட்’ என்றால் ரத்தத்தில் தென்படவில்லை, அவ்வளவுதான். லிவர் செல்லின் கருவுக்குள் இந்த வைரஸ் தன் டிஎன்ஏவை வளையமாகச் சுருட்டிப் போட்டுவைத்திருக்கிறது, எண்டெகாவிரோ டெனோஃபோவிரோ அதைத் தொடுவதில்லை. அதிலிருந்து புதுப்புதுப் பிரதிகள் உருவாவதைத்தான் இவை தடுக்கின்றன. குழாயை மூடியிருக்கிறோமே தவிர தொட்டி காலியாகவில்லை. மாத்திரை நின்றதும் வைரஸ் ரத்தத்தில் திரும்ப ஏறுகிறது, அதைப் பார்த்த நம் எதிர்ப்புசக்தி தொற்றியிருக்கும் லிவர் செல்களை ஒட்டுமொத்தமாக அடித்து நொறுக்க இறங்குகிறது. லிவரைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ்கூட இல்லை, நம் உடம்பின் பதிலடிதான். டெனோஃபோவிரை நிறுத்தினவர்களுக்கு இது சீக்கிரம் வரும், எண்டெகாவிரில் தாமதமாக, பல மாதம் கழித்துக்கூட வரலாம், அதனால்தான் என் மச்சான் மாதிரி ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நிறுத்தும் எல்லோருக்கும் வருமா என்றால் வராது. மருந்து நிறுவனம் நடத்திய ஆய்வுகளிலேயே, ஈ-ஆன்டிஜென் நெகட்டிவாக இருந்து மருந்தை நிறுத்தியவர்களில் 8 சதவீதம் பேருக்கு லிவர் என்சைம்கள் தாறுமாறாக ஏறின. ஆனால் அது டாக்டர்கள் விதிமுறைப்படி நிறுத்தி, நாள் குறித்து ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். யாரும் பார்க்காமல் வீட்டிலேயே நிறுத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நிலை, இருப்பவருக்கு இந்த ஒரு அடியே போதும்.

பச்சிலை என்றேன் இல்லையா, அதில் ஒரு வார்த்தை பேசாமல் போனால் தமிழில் ஹெபடைடிஸ் பற்றி எழுதினதாகவே ஆகாது. கீழாநெல்லியைக் கிண்டல் செய்கிற ஆள் நான் இல்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, அந்தக் கட்டுரையில் இந்த வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்கின் பெயரும் இருக்கிறது. 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென் காணாமல் போனது, வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, விஷயம் அங்கேயே நிற்கிறது. ஆகவே ஆராய்ச்சி செய்யட்டும், நல்லது. ஐஎன்ஆர் ஏறிக்கொண்டிருக்கிற ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அதைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாதாரண ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்தப் பெருமையெல்லாம் பச்சிலைக்குப் போய்ச் சேர்ந்து, அதை நம்பி நாள்பட்ட பி இருக்கிறவனும் போய் வரிசையில் நிற்கிறான்.

சரி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே லிவருக்குப் பிரச்சினை வருமா? வரலாம், அபூர்வமாக. ஆரம்ப மாதங்களில் சிலருக்கு எஸ்ஜிபிடி திடீரென்று ஏறும். அதே நேரத்தில் வைரல் லோடு இறங்கிக்கொண்டிருந்தால், உடம்பு விழித்துக்கொண்டு வைரசைத் துரத்துகிறது என்று டாக்டர்கள் அதைப் பெரும்பாலும் பொறுமையாகக் கவனிப்பார்கள். வைரல் லோடும் சேர்ந்து ஏறினால் கதை வேறு, ஒன்று மாத்திரை தவறியிருக்கிறது, இல்லை ரெசிஸ்டன்ஸ். இரண்டையும்விடப் பயப்படவேண்டியது எஸ்ஜிபிடியோடு பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறுவது, வயிற்றில் நீர் கோர்ப்பது, ஆள் தடுமாறிப் பேசுவது. அது அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கிற விஷயமில்லை, அன்றைக்கே போகவேண்டும்.

லாக்டிக் அமில விவகாரம் இன்னும் அபூர்வம், ஆனால் அதன் பின்னால் இருக்கிற கதை தெரிந்தால் அந்தக் கறுப்புக் கட்டத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1993-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலுரிடின் என்ற மருந்தை நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்த 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் சோதித்தாகிவிட்டது, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நோயாளிகளுக்கும் ஆரம்பத்தில் வைரஸ் நன்றாக இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். 13-ஆவது வாரத்தில் ஒருவருக்குத் திடீரென்று லிவர் செயலிழந்து ரத்தத்தில் லாக்டிக் அமிலம் எகிறியது. உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள், ஆனால் நிறுத்திய பிறகும் அடுத்த வாரங்களில் இன்னும் ஆறு பேருக்கு அதே கதி. ஏழு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள், லிவர் மாற்று அறுவையால் இரண்டு பேர் பிழைத்தார்கள். செல்லுக்கு ஆற்றல் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த மருந்து புகுந்து அதன் டிஎன்ஏவையே கெடுத்திருக்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த மருந்தைக் கடத்திச் செல்கிற புரதம் ஒன்று இருக்கிறது, எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை, எலிச் சோதனை ஏன் பொய்யானது என்பது வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. எனக்கு இதில் மனதை அறுக்கிற இடம் எது என்றால், நடுவில் அந்த நோயாளிகளுக்கு வந்த குமட்டலும் சோர்வும் நோயின் அறிகுறியாகவே பார்க்கப்பட்டது. இன்றைக்கு ஒரு ஹெபடைடிஸ் ஆள் “டயர்டா இருக்கு டாக்டர்” என்றால் கிடைக்கிற பதிலும் ஏறக்குறைய அதுதான்.

எண்டெகாவிர் ஃபியாலுரிடின் இல்லை, பயப்படவேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவின் மேல் அதன் பிடி மிகமிகக் குறைவு. கோடிக்கணக்கான மாத்திரை விழுங்கப்பட்ட பிறகும் இந்தச் சிக்கல் விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் வந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் யாருக்கு என்று பார்த்தால் லிவர் ஏற்கெனவே குப்புற விழுந்தவர்களுக்கு. 2009-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அறிக்கையில், சிரோசிசோடு எண்டெகாவிர் எடுத்த 16 பேரில் 5 பேருக்கு லாக்டிக் அமிலம் ஏறியது, ஐந்து பேருக்குமே லிவர் பாதிப்பைச் சொல்லும் மெல்ட் ஸ்கோர் 20-க்கு மேல், ஒருவர் இறந்துபோனார். லிவர் ஓரளவு நன்றாக இருந்தவர்களில் யாருக்கும் வரவில்லை. அதனால் முற்றிய சிரோசிசில் இந்த மாத்திரை தொடங்கினால் மூச்சு வேகமாக, ஆழமாக வாங்குவது, அடங்காத குமட்டல், வயிற்றுவலி, கை கால் சில்லிட்டுப்போவது, சொல்லமுடியாத அசதி, இதில் எது வந்தாலும் கேஸ் ட்ரபிள் என்று ஜெலுசில் கொடுத்து உட்காரவைக்கக் கூடாது. இது காகிதத்தில் இருக்கிறது. எறும்பு எழுத்தில்.

மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டுக் கேட்பீர்கள். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300, ஆற்றலில் எண்டெகாவிருக்குச் சளைத்ததில்லை, சாப்பாட்டு நேரம் பற்றிய தொந்தரவு இல்லை, லாமிவுடின் எடுத்துத் தோற்றவர்களுக்கும் வேலை செய்யும். ஆனால் கிட்னியையும் எலும்பையும் கொஞ்சம் பதம் பார்க்கும், கிட்னி வேலையைச் சொல்லும் கிரியேட்டினினைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். டெனோஃபோவிரிலேயே 2016-இல் வந்த அலாஃபெனமைடு 25 மில்லிகிராம் வகையில் அந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது, அதைச் சாப்பாட்டோடு போடவேண்டும். எண்டெகாவிருக்கும் கிட்னி பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள். லாமிவுடினை மட்டும் இன்றைக்குப் புதிதாக யாராவது எழுதிக்கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் நிறுத்தினால் திருப்பி அடிக்கிற குணம் பொது, ஆகவே பிராண்ட் மாறினால் அந்த ஆபத்து போய்விடும் என்று நினைக்கவேண்டாம்.

ஹெபடைடிஸ் சி ஆட்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் மாத்திரை மூன்று மாதத்தில் வைரசை ஒழித்துவிடும், பாக்கியசாலிகள். ஆனால் சியோடு பியும் மறைந்திருந்தால், சி அடங்கும்போது பி தலைதூக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 அக்டோபரில் இதற்கும் கறுப்புக் கட்டம் போடவைத்தது. அப்போது அவர்கள் கையில் இருந்தது 24 கேஸ்கள், அதில் இரண்டு மரணம், ஒரு லிவர் மாற்று. முதல் மாத்திரைக்கு முன்னால் பி இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்களான எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி-எச்பிசியும் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

காசு. மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் இருக்கிறது, அதன் சிகிச்சை மையங்களில் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். வழக்கமாக டெனோஃபோவிர்தான் கொடுப்பார்கள், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எண்டெகாவிர். என் மச்சான் இப்போது மாத்திரை வாங்குவது அப்படி ஒரு அரசு மையத்தில்தான், எனக்கு அது ஒரு விதத்தில் தனியாரைவிடப் பிடித்திருக்கிறது. கூட்டம் உண்டு, பாதி நாள் போய்விடும், ஆனால் அவர் பெயரில் ஒரு கார்டு இருக்கிறது, மாத்திரை வாங்கின தேதி அதில் ஏறுகிறது. ஒரு ஆள் வரவில்லை என்றால் கார்டைப் பார்த்தாவது தெரியும். என்னுடைய மெடிக்கல் கடையில் நான் திடீரென்று வாங்குவதை நிறுத்தினால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? நான் எத்தனையோ வருட வாடிக்கை, ஆனாலும் ஸ்டாக் இல்லை என்றால் “அடுத்த வாரம் வாங்க சார்” என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், இந்த மாத்திரையில் அடுத்த வாரம் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்பது கவுன்டரில் நிற்கும் பையனுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அதனால் நான் எப்போதும் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வீட்டில் வைத்திருக்கிறேன். மாத்திரையைவிட டெஸ்ட்தான் கையைக் கடிக்கும், முக்கியமாக வைரல் லோடு, அதற்காகவே பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதையும் அரசு மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அப்போ நிறுத்தவே முடியாதா? முடியும், சிலருக்கு. மேற்பரப்பு ஆன்டிஜெனே போய்விட்டால் நிறுத்தலாம், அது கொஞ்சப் பேருக்குத்தான் வாய்க்கும். சிரோசிஸ் இல்லாமல், ஈ-ஆன்டிஜென் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவாக மாறி, அதற்குமேல் குறைந்தது ஒரு வருடம் மருந்து எடுத்தவர்களுக்கு நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஈ-ஆன்டிஜென் நெகட்டிவ் ஆட்களில் மூன்று வருடத்துக்கு மேல் வைரஸ் அடங்கியிருந்தால் யோசிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனால் நிறுத்தின பிறகு விடாமல் பின்தொடர்வேன் என்ற உத்தரவாதம் இருந்தால் மட்டும். சிரோசிஸ் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. எது எப்படியோ, நிறுத்துவதும் ஒரு சிகிச்சைதான், அதற்கும் சீட்டு வேண்டும், ரத்தப் பரிசோதனைத் தேதி வேண்டும். இன்னொன்று, மாத்திரை லிவர் கேன்சர் வாய்ப்பைக் குறைக்கிறது, அழிப்பதில்லை. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எழுதினால் ‘அதான் நாட் டிடெக்டட் ஆச்சே’ என்று தவிர்க்காதீர்கள்.

மருந்து நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அலுமினியத் தகட்டில் கம்பெனிப் பெயரையே இருபது தடவை அச்சடிக்கிறீர்கள், அதில் ஒரு வரி தமிழில், ‘டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், லிவர் செயலிழக்கலாம்’ என்று போட எவ்வளவு மை ஆகிவிடும்? அதுவரைக்கும் மாத்திரைக்கு ஐந்து நட்சத்திரம், பேக்கிங்குக்கு ஒன்று, அந்த ஒன்றும் மூடி இறுக்கமாக இருப்பதற்காக.

ஜெனரிக் வாங்கலாமா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். நான் வாங்குவது இந்தியத் தயாரிப்பு ஜெனரிக்தான், வைரல் லோடு அடங்கியதும் அதில்தான். பிராண்ட் மாற்றினால் எம்ஜி அளவை மட்டும் சரிபாருங்கள், 0.5-உம் 1-உம் பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லாமிவுடின் தோற்றவர்களுக்கும் லிவர் முற்றிக் கெட்டவர்களுக்கும்தான் 1 மில்லிகிராம். பில்லையும் அட்டையையும் கடையிலேயே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.